தூரத்துப் பணமும் ஊர்க் கணக்கும்: குமரி மாவட்ட வரலாறு தரும் படிப்பினை

முன்னுரை

ஏழை மக்களின் முன்னேற்றத்திற்கென அயல்நாடுகளிலிருந்து அனுப்பப்படும் பணம், சேர வேண்டிய இடத்தை முழுமையாகச் சென்று சேர்வதில்லை என்பது இன்று யாவரும் அறிந்த செய்தி. ஆயினும் இதனை வெளிப்படையாகப் பேசும் வழக்கம் அண்மையில் தோன்றியதே. ஊழல் என்பது ஒரு நாட்டின் உள்நாட்டு அரசியலைச் சார்ந்தது என்று கருதி, உலக வங்கி நெடுங்காலம் அச்சொல்லையே தவிர்த்து வந்தது. 1996-ஆம் ஆண்டில் அதன் தலைவர் ஜேம்ஸ் வுல்ஃபென்சன் ஆண்டுக் கூட்டத்தில் ஊழலைப் புற்றுநோய் என்று குறிப்பிட்ட பின்னரே நிலை மாறத் தொடங்கிற்று. 2003-இல் ஐக்கிய நாடுகள் அவை ஊழலுக்கு எதிரான உடன்படிக்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. இந்தியா 2011-இல் அதனை உறுதி செய்தது.

பொருளாதார அறிஞரும் ஆட்சியாளரும் இவ்வாறு அண்மையில் எதிர்கொண்ட இச்சிக்கல், நமது குமரி மாவட்டத்திற்குப் புதியதன்று. 1806-ஆம் ஆண்டு முதல் இம்மண்ணில் அயல்நாட்டுப் பணம் செலவிடப்பட்டு வந்துள்ளது. பள்ளிக்கும், ஆலயத்திற்கும், மருத்துவமனைக்கும், பஞ்ச நிவாரணத்திற்கும், படகிற்கும், வீட்டிற்கும் அது வந்தது. வந்த பணத்தால் விளைந்த நன்மையைப் பற்றி நம் சபை வரலாறுகள் விரிவாகப் பேசுகின்றன. அப்பணத்திற்கு யார் யாரிடம் கணக்குக் கொடுத்தனர் என்ற வினாவையோ அவை அரிதாகவே எழுப்புகின்றன. இக்கட்டுரை அவ்வினாவை முன்வைத்து இருநூறு ஆண்டு வரலாற்றைச் சுருக்கமாக நோக்குகிறது.

ஊழல் என்னும் சொல்லை ஈண்டு மூன்று பொருளில் கையாளுகிறோம். பணத்தை நேரே களவாடுதல் முதலாவது. உதவியின் பயன், யாருக்கென்று வந்ததோ அவரை விட்டு வலியவர் கைக்கு மாறிப் போதல் இரண்டாவது. உதவி வழங்கும் பதவியினால் கிடைக்கும் செல்வாக்கே ஒரு விற்பனைப் பொருளாதல் மூன்றாவது. முதலாவதைச் சட்டம் எளிதில் அடையாளம் காண்கிறது. மற்ற இரண்டும் பெரும்பாலும் கணக்கேட்டில் தென்படுவதேயில்லை.

1. மிஷன் வருமுன் இருந்த நாடு

நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம். விளைச்சல் மிகுந்த இடத்தில் வரியும் மிகுந்திருந்தது. வரி தண்டியோர் பலருக்குச் சம்பளம் குறைவு. ஆகவே குடிமக்களிடம் வாங்கிப் பிழைப்பதே வழக்கமாயிற்று. ஊர்க் கணக்கும் வரித்தண்டலும் பார்வத்தியக்காரர் கையில் இருந்தன. தாழ்த்தப்பட்ட சமூகத்தார் தலைவரியுடன் கூலியில்லா ஊழியமும் செய்ய வேண்டியிருந்தது. யாரை எப்போது ஊழியத்திற்கு அழைப்பது என்பது சிற்றதிகாரிகளின் விருப்பத்தைப் பொறுத்ததாயிருந்தமையால், அழைக்காமல் விடுவதற்கும் ஒரு விலை உண்டாயிற்று.

எனினும் கணக்குக் கேட்கும் மரபு இந்நாட்டில் அறவே இல்லாமற் போகவில்லை. அழகியபாண்டியபுரம் முதலியார் இல்லத்தில் காக்கப்பட்டிருந்த ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஆராய்ந்தார். நாஞ்சில் நாட்டார் ஒன்றுகூடி, வழக்கத்தில் இல்லாத வரியைச் செலுத்துவதில்லை என்று முடிவெடுத்த செய்திகள் அவ்வகை ஓலைகளில் காணப்படுகின்றன. ஆனால் அக்கூட்டங்களில் நிலமுடையோரே அமர்ந்தனர். வயலில் உழைத்தோர்க்கு அங்கு இடமில்லை. கணக்குக் கேட்கும் உரிமையும் சாதியின் எல்லைக்குள்ளேயே நின்றது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

வேலுத்தம்பியின் கிளர்ச்சி 1809-இல் ஒடுக்கப்பட்ட பின் ரெசிடெண்டாக வந்த கர்னல் ஜான் மன்றோ, 1811 முதல் 1814 வரை திவான் பதவியையும் வகித்தார். வரி தண்டுவோரே நீதி வழங்கும் முறையே கையூட்டின் வேர் என்று கண்ட அவர், இவ்விரு அதிகாரங்களையும் பிரித்து, தனி நீதிமன்றங்களை ஏற்படுத்தினார். இரு அதிகாரங்கள் ஒரே கையில் சேரும்போது ஊழல் பிறக்கிறது என்னும் இவ்வுண்மை, பின்னர் மிஷனுக்கும் பொருந்துவதாயிற்று.

2. ரிங்கல்தௌபேயும் மீடும்

மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பின்பேரில், இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே 1806-இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. ரிங்கல்தௌபே எளிய குடிலில் வாழ்ந்து, தமது ஊதியத்தின் பெரும்பகுதியை ஏழைகளுக்கும் உபதேசிமார்க்கும் பள்ளிகளுக்கும் செலவிட்டவர். பணத்தைப் பொறுத்தவரை அவர் மீது எவரும் குறை கூற இயலாது.

ஆயினும் அவர் கண்ட இடர் ஒன்று உண்டு. வரித் தொல்லையிலிருந்தும் வழக்குகளிலிருந்தும் விடுதலை பெறலாம் என்ற எண்ணத்துடன் தம்மை நாடி வந்தோரைப் பற்றி அவர் வருத்தத்துடன் எழுதியுள்ளார். ஒடுக்கப்பட்ட மக்கள் பாதுகாப்பை நாடியதில் பிழை ஒன்றுமில்லை. நியாயமான ஆட்சியில் தானாகவே கிடைத்திருக்க வேண்டியதைத்தான் அவர்கள் தேடினர். ஆனால் அயல்நாட்டுப் போதகர் ஒருவரின் சொல் ரெசிடெண்டின் செவிக்கு எட்டும் என்ற நிலை உருவானவுடன், அப்போதகரிடம் அழைத்துச் செல்லும் இடையாளின் தயவுக்கு மதிப்பு ஏற்பட்டது. பணம் கைமாறாமலே செல்வாக்கு ஒரு பண்டமாகிவிடும் வழி இதுவே.

ரிங்கல்தௌபே 1816-இல் உடல்நலம் குன்றி நாட்டை விட்டுச் சென்றார். அடுத்த மிஷனெரி வரும்வரை சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கமே சுமந்தார். 1818-இல் சார்ல்ஸ் மீட் வந்து, நாகர்கோவிலைத் தலைமையிடமாக்கினார். மன்றோவின் பரிந்துரையால் அரசி கௌரி பார்வதி பாயி, நெல்வயல்கள் வாங்குவதற்கென 5,000 ரூபாய் நன்கொடை அளித்தார். அவ்வயல்களின் வருவாய் நாகர்கோவில் கல்விச்சாலையை நெடுங்காலம் தாங்கிற்று. இலண்டனிலிருந்து பணம் வந்தாலும் வராவிட்டாலும் பள்ளி நடைபெறும் என்னும் உறுதியை அது தந்தது.

இதே காலத்தில் மீட் நாகர்கோவில் நீதிமன்றத்தின் நீதிபதியாகவும் நியமிக்கப்பட்டார். போதகரே நீதிபதி! ஈராண்டுகளில் ஏறத்தாழ 3,000 பேர் சபையில் சேர்ந்தனர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. அவர்களுள் எத்தனை பேர் விசுவாசத்தால் வந்தனர், எத்தனை பேர் நீதிமன்றத்தை நினைத்து வந்தனர் என்று பிரித்தறிதல் எவர்க்கும் இயலாது. மீட் நேர்மையற்றவர் என்று யாரும் குற்றஞ்சாட்டவில்லை. எனினும் இலண்டன் இயக்குநர்கள் இதனை ஏற்கவில்லை. ஏறத்தாழ ஓராண்டிற்குள் அவர் நீதிபதிப் பதவியை விட்டு விலகினார்.

இம்முடிவு நம் கவனத்திற்குரியது. தனி மனிதரின் நற்குணத்தை நம்பி அமைப்பின் குறையைப் பொறுத்துக்கொள்ளலாகாது என்பதே அதன் சாரம். மன்றோ அரசாங்கத்தில் பிரித்ததை இயக்குநர்கள் மிஷனில் பிரித்தனர். உதவி வழங்கும் கையும் தீர்ப்பு வழங்கும் கையும் வேறாயிருத்தல் வேண்டும் என்பது, இன்று வளர்ச்சித் திட்டங்களுக்கு விதிமுறை வகுப்போர் முதலில் எழுதும் விதிகளுள் ஒன்றாகும்.

3. இலண்டனுக்கு எழுதப்பட்ட கணக்கு

மிஷன் வளர்ந்தபோது உபதேசிமார், வாசகர், பள்ளி ஆசிரியர் எனச் சம்பளம் பெறுவோர் தொகையும் வளர்ந்தது. இவர்களுள் பலரை இங்கிலாந்திலுள்ள சபைகளும் தனிப்பட்டோரும் தாங்கினர். தாங்குவோரின் பெயரையே அவ்வாசகருக்கோ விடுதிப் பிள்ளைக்கோ இடும் வழக்கமும் இருந்தது. அனுப்பிய காசு எங்கே போயிற்று என்று அறிய விரும்பிய நல்லெண்ணமே இதற்குக் காரணம். ஆண்டுதோறும் அறிக்கைகள் அச்சிடப்பட்டு இங்கிலாந்து சென்றன. அக்காலத் திருவிதாங்கூர் அரசாங்க அலுவலகங்களோடு ஒப்பிட்டால், மிஷன் கணக்குகள் மிகச் சீராகவே இருந்தன எனலாம்.

ஆனால் அவ்வறிக்கைகள் யாருக்காக எழுதப்பட்டன? ஆங்கிலத்தில், கொடுத்தவர் படிப்பதற்காக எழுதப்பட்டன. நெய்யூரிலோ சாந்தபுரத்திலோ இருந்த சபையார் அவற்றைப் படித்திருக்க வாய்ப்பில்லை. தம் ஊருக்கென்று எவ்வளவு வந்தது, எவ்வாறு செலவாயிற்று என்பது பெற்றவர்க்குத் தெரியாது. உபதேசியாரின் வாய்மொழியே அவர்கள் அறிந்த கணக்கு. உபதேசியாருடைய பிழைப்போ மிஷனெரியின் நன்மதிப்பைப் பொறுத்தது. மிஷனெரிக்கும் கொடையாளரை மகிழ்விக்கும் செய்தி தேவைப்பட்டது. இத்தகைய சங்கிலியில் எந்தக் கண்ணியும் பொய் சொல்ல எண்ணாவிட்டாலும், நல்ல செய்தி மேலே செல்வதும் கெட்ட செய்தி கீழேயே தங்கிவிடுவதும் இயல்பு. இன்று தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் படிப்போர் இவ்வியல்பை எளிதில் அடையாளம் காண்பர்.

1860-ஆம் ஆண்டுப் பஞ்சம் இக்குறையை வெளிச்சமாக்கிற்று. தென் திருவிதாங்கூரில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். இங்கிலாந்திலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் நிவாரணப் பணம் வந்தது. மிஷனெரிமார் பகிர்ந்தளித்த உணவு பல உயிர்களைக் காத்தது. அதைத் தொடர்ந்து பலர் சபையில் சேர்ந்தனர். சோற்றுக் கிறிஸ்தவர் என்ற ஏளனச் சொல்லுக்கு இதனால் இடமுண்டாயிற்று. உதவி வழங்குவோரும் ஆன்மாக்களை எண்ணுவோரும் ஒருவராகவே இருக்கும்போது, உதவியின் தூய்மையும் விசுவாசத்தின் தூய்மையும் ஒருங்கே ஐயத்திற்கு இடமாகின்றன.

அரசாங்கத்தின் ஊழலை மிஷனெரிமார் துணிவுடன் கண்டித்தனர் என்பதையும் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். காவலரின் கொடுமை, கையூட்டு, ஊழியம் ஆகியவற்றைக் குறித்து 1855-இல் அவர்கள் சென்னை அரசாங்கத்திற்கு விண்ணப்பம் அளித்தனர். அதே ஆண்டில் டல்ஹௌசி பிரபு திருவிதாங்கூர் மன்னரை எச்சரித்தார். பின்னர் 1858 முதல் 1872 வரை ஆட்சி நடத்திய மாதவராவ், அதிகாரிகளின் சம்பளத்தை உயர்த்திக் கையூட்டைக் குறைக்க முயன்றார். பிறர் கணக்கைக் கேட்பதில் காட்டிய இத்துணிவைத் தம் கணக்கை மக்கள் முன் வைப்பதிலும் காட்டும் கட்டாயம் அக்கால மிஷனுக்கு ஏற்படவில்லை.

4. பிடி அரிசியின் ஆற்றல்

இம்மாற்றம் வேறொரு வழியில் வந்தது. மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் தொடங்கிய ரேந்தைத் தொழில், பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளிக்கு வருவாய் தந்தது. அடிமைப் பெண்கள் சிலர் தம் உழைப்பின் பணத்தால் விடுதலை பெற்றனர். தானமாக வந்த காசும் உழைத்துப் பெற்ற காசும் ஒன்றல்ல என்பதை அப்பெண்கள் நன்கு அறிந்திருப்பர். உழைத்த காசின் கணக்கை எண்ணிப் பாராமல் எவரும் விடுவதில்லை.

1866-இல் இந்தியப் போதகர்கள் குருப்பட்டம் பெறலாயினர். அவர்களைச் சபைகளே தாங்க வேண்டும் என்ற கொள்கை படிப்படியாக வேரூன்றிற்று. சமைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் பழக்கம் நம் தாய்மாரிடம் பரவியது. மாதச் சந்தாவும் அறுப்பின் பண்டிகைப் படைப்பும் சேர்ந்தன. படைத்த வாழைக்குலையும் தேங்காயும் கோழியும் ஆலய முற்றத்திலேயே ஏலம் விடப்பட்டன. ஏலத் தொகை அனைவர் காதிலும் விழுந்தது. இந்த ஊரில் இன்னார் இவ்வளவு கொடுத்தார் என்று சபை முன் வாசிக்கப்பட்ட கணக்கில் ஒரு சக்கரம் குறைந்தாலும் கேட்பதற்கு ஆள் இருந்தது.

இதன் முக்கியத்துவத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. சில தலைமுறைகளுக்கு முன் எந்தக் கூட்டத்திலும் அமர இடமில்லாதிருந்த மக்கள், ஆலயத்தின் வரவு செலவைத் தம்முடையது என்று கேட்கத் தொடங்கினர். நாட்டார் கூட்டத்தில் மறுக்கப்பட்ட உரிமை, சபைக் கூட்டத்தில் கிடைத்தது. பிடி அரிசியின் மதிப்பு அதன் விலையில் இல்லை. கொடுத்தவருக்கே கேட்கும் உரிமை என்றிருந்த விதியின்படி, ஏழைப் பெண்ணும் கொடுத்தவளானாள். ஆகவே அவளும் கேட்கலானாள்.

எனினும் இவ்வரலாற்றை இங்கேயே மகிழ்ச்சியுடன் முடித்துவிட இயலாது. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. 1959-இல் கன்னியாகுமரிப் பேராயம் தனிப் பேராயமாயிற்று. மிஷன் விட்டுச்சென்ற நிலங்களும் கட்டடங்களும் கல்வி நிலையங்களும் மருத்துவமனைகளும் திருச்சபையின் பொறுப்பில் வந்தன. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு ரூபாயைக் கவனித்த சபை, கோடிக்கணக்கில் மதிப்புள்ள நிலத்தின் குத்தகையை அதே கண்ணுடன் கவனித்ததா? கல்வி நிலையங்களின் வேலை நியமனங்கள் எவ்வாறு நடைபெறுகின்றன என்று கேட்டதா? தென்னிந்தியாவின் பல பேராயங்களில் சொத்து வழக்குகளும் தேர்தல் வழக்குகளும் நீதிமன்றங்களில் நிற்பது யாவரும் அறிந்ததே. தம் கையால் கொடுத்ததை மக்கள் காவல் காக்கின்றனர். முன்னோர் காலத்தில் எங்கிருந்தோ வந்ததைக் காவல் காக்க அவர்களுக்குப் பழக்கமில்லை.

5. நார்வே தந்த பாடம்

மிஷன் வரலாற்றிலிருந்து அரசாங்கத் திட்டத்திற்கு வருவோம். 1952 அக்டோபரில் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி 1953-இல் கொல்லத்திற்கு அருகிலுள்ள நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்தோ-நார்வே மீன்பிடித் திட்டம் தொடங்கிற்று. உலகிலேயே முதன்முதலாக எழுந்த நாட்டுக்கு நாடு வளர்ச்சித் திட்டங்களுள் அதுவும் ஒன்று. அப்போது நம் குமரிப் பகுதியும் அதே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. 1956 நவம்பர் முதல் நாளில்தான் அது தமிழகத்துடன் இணைந்தது.

திட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. ஏழை மீனவர்க்கு இயந்திரப் படகு, பனிக்கட்டி நிலையம், குடிநீர், மருத்துவ வசதி ஆகியவற்றை அளித்து, அவர்தம் வாழ்வை உயர்த்துவதே அது. நார்வே அதிகாரிகள் பணத்தைக் களவாடினர் என்று யாரும் கூறவில்லை. கணக்குகள் ஒழுங்காகவே இருந்தன. நடந்தது வேறு. 1953 முதல் உறையவைத்த இறால் அமெரிக்காவிற்கு ஏற்றுமதியாகத் தொடங்கியதும் இறாலின் விலை உயர்ந்தது. இயந்திரப் படகு இலாபம் தரும் முதலீடாயிற்று. முதலுடையோர் அத்தொழிலில் புகுந்தனர். மீனவர் பெயரில் அமைந்த கூட்டுறவுச் சங்கங்கள் பலவற்றில் வியாபாரிகளின் செல்வாக்கே மேலோங்கிற்று. பின்னர் இழுவைப் படகுகளுக்கும் கட்டுமரக்காரர்க்கும் இடையே கடலில் மோதல் மூண்டது. கேரள அரசு 1988-இல் மழைக்காலத்தில் இழுவை வலையைத் தடை செய்ய நேர்ந்தது.

நாம் முதலில் கூறிய மூன்று வகையில் இது இரண்டாவது: உதவியின் பயன் கை மாறிப் போதல். தணிக்கையாளர் கண்ணுக்கு இது புலப்படாது. படகு வாங்கியதற்குச் சீட்டு இருக்கிறது. படகும் கடலில் ஓடுகிறது. ஆனால் அது யாருடைய படகு என்ற வினாவைக் கரையில் நிற்பவர் மட்டுமே கேட்க முடியும்.

6. கரையில் எழுதப்பட்ட கணக்கு

இவ்வினாவைக் கேட்டவர்கள் நம் மாவட்டத்துக் கடற்கரையிலேயே எழுந்தனர். கத்தோலிக்கச் சகோதரர்கள் கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் வாயிலாகச் செய்த பணியில் பெல்ஜியம் நாட்டினரின் உழைப்பும் உதவியும் கலந்திருந்தன. முட்டத்தில் படகு கட்டும் பணி வளர்ந்தது. 1980-களில் பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜில்லேயின் முயற்சியால், கட்டுமரத்திற்கு மாற்றாக ஒட்டுப்பலகைப் படகுகள் உருவாயின. அதைவிட முக்கியமானது ஊர்தோறும் எழுந்த மீனவர் சங்கங்கள். இத்தகைய சங்கங்களை இணைத்து, 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றிற்று.

இச்சங்கங்களின் விதிகள் எளியவை. கடலுக்குச் சென்று உழைப்பவரே உறுப்பினராகலாம். வியாபாரியும் தரகரும் உறுப்பினராக முடியாது. உறுப்பினரின் மீன் முழுவதும் சங்கத்தின் வழியாகவே கரையில் ஏலம் விடப்பட வேண்டும். ஏலத் தொகையில் ஒரு பங்கு கடனுக்கும், ஒரு பங்கு சேமிப்பிற்கும், ஒரு பங்கு சங்கச் செலவிற்கும் அன்றாடம் பிடிக்கப்படும். முன்பு வியாபாரியிடம் கடன்பட்டவர் அவர் சொன்ன விலைக்கே மீனை விற்க வேண்டியிருந்தது. சங்கம் வந்தபின் கடனும் விற்பனையும் தனித்தனியாயின.

இங்கும் அயல்நாட்டுப் பணம் இருந்தது. ஆயினும் அது களவு போகாமல் காத்தது எது? ஒவ்வொரு நாளும் ஈர மணலில் நின்றபடி, தன் மீனுக்கு எழுதப்படும் தொகையைத் தன் கண்ணால் பார்க்கும் மீனவரின் விழிப்பே அதில் பெரும்பங்கு வகித்தது. ஆலய முற்றத்து ஏலத்திற்கும் கடற்கரை ஏலத்திற்கும் உள்ள ஒற்றுமையை வாசகர் உணர்வர். கணக்கு ஆண்டுக்கொருமுறை அயல்மொழியில் எழுதப்படவில்லை. நாள்தோறும் தாய்மொழியில், பலர் முன்னிலையில் எழுதப்பட்டது.

7. ஆழிப்பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை குமரிக் கடற்கரையில் ஏறத்தாழ எண்ணூறு உயிர்களைக் கொண்டு சென்றது. தமிழகத்தில் நாகப்பட்டினத்திற்கு அடுத்தபடி மிகுந்த இழப்பு இங்கேதான். குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி ஆகிய பெயர்கள் உலகச் செய்திகளில் இடம்பெற்றன. மணக்குடிப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. சில வாரங்களிலேயே பல நாட்டுத் தொண்டு நிறுவனங்கள் வந்து சேர்ந்தன. பணம் இல்லை என்பதன்று அப்போதைய சிக்கல். பணத்தை விரைந்து செலவிட வேண்டும் என்ற நெருக்கடியே சிக்கல்.

தமிழகக் கடற்கரை நெடுகிலும் படகு வழங்குவதில் போட்டி ஏற்பட்டது. படகு எளிதில் எண்ணத்தக்கது. அதில் கொடையாளரின் பெயரையும் எழுதலாம். நிழற்படமும் எடுக்கலாம். விளைவு, பேரலைக்கு முன் இருந்ததைவிட மிகுதியான கண்ணாடியிழைப் படகுகள் கரையேறின. முன்பு படகில்லாதவரும் படகு பெற்றனர். படகிழந்த சிலரோ காத்திருந்தனர். மிஷன் காலத்தில் உபதேசியாருக்குக் கொடையாளர் பெயரிட்ட வழக்கம், படகின் பக்கப்பலகையில் மீண்டும் தோன்றிற்று.

வீடுகளைப் பொறுத்தவரை அரசு ஓரளவு முன்யோசனையுடன் செயற்பட்டது. 2005 மார்ச்சில் வெளியான அரசாணையின்படி, வீடு கட்ட முன்வந்த நிறுவனங்கள் மாவட்ட ஆட்சியருடன் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். ஒரு வீட்டிற்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் என அளவு குறிக்கப்பட்டது. வீட்டின் உரிமை கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுதப்பட வேண்டும். பொது அளவு ஒன்று அறிவிக்கப்பட்டதனால் ஒரு குடும்பத் தலைவி தன் வீட்டின் சுவரையும் கூரையையும் பார்த்து, சொன்னது கிடைத்ததா என்று ஒப்பிட முடிந்தது. ஒப்பிடும் அளவுகோல் இல்லாதவரிடம், கேள்வி கேளுங்கள் என்று சொல்வதில் பயனில்லை.

8. இரு கண்கள்

இதுவரை கூறியவற்றால், மக்களிடம் கணக்கை விட்டுவிட்டால் போதும், ஊழல் தானே ஒழியும் என்ற முடிவுக்கு வருவோர் இருக்கலாம். அம்முடிவு அவசரமானது. இந்தோனேசியாவில் உலக வங்கியின் உதவியால் சாலை அமைத்த அறுநூறுக்கு மேற்பட்ட சிற்றூர்களில் பெஞ்சமின் ஓல்கன் என்னும் பொருளாதார அறிஞர் ஓர் ஆய்வு நடத்தி, 2007-இல் அதன் முடிவை வெளியிட்டார். சாலைகளைத் தோண்டிப் பார்த்து, எழுதப்பட்ட கணக்கையும் உண்மையில் இடப்பட்ட கல்லையும் மணலையும் ஒப்பிட்டார். ஒவ்வோர் ஊருக்கும் அரசுத் தணிக்கையாளர் தவறாமல் வருவார் என்று முன்கூட்டியே அறிவித்த இடங்களில், காணாமற்போன பணத்தின் அளவு மொத்தச் செலவில் ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்தது. ஊர்க்கூட்டத்திற்கு மக்களை மிகுதியாக அழைத்த இடங்களில் மொத்தத்தில் பெரிய மாற்றமில்லை. கூலியில் நடந்த திருட்டு குறைந்தது. கல்லிலும் மணலிலும் நடந்தது குறையவில்லை.

இதன் பொருள் தெளிவு. தன் கூலி குறைந்தால் தொழிலாளி கேட்பான். பொதுச் சாலையில் ஒரு கூடைக் கல் குறைந்தால் அது யாருடைய இழப்பு? நாம் மேலே கண்ட பிடி அரிசிக்கும் மிஷன் நிலத்திற்கும் உள்ள வேறுபாடும் இதுவேயாகும். ஆகவே ஊரின் கண்ணுடன் வெளியாரின் கண்ணும் வேண்டும். ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது.

திருமறை இவ்விரு கண்களையும் அறிந்திருக்கிறது. எருசலேமிலிருந்த ஏழைகளுக்கென மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் சேர்த்த காணிக்கையைப் பவுல் தனியே எடுத்துச் செல்லவில்லை. சபைகளால் தெரிந்தெடுக்கப்பட்ட சகோதரரையும் உடன் சேர்த்துக்கொண்டார். ஆண்டவர் முன் மட்டுமன்றி மனிதர் முன்பாகவும் குறைகூறப்படாதிருக்கவே இவ்வாறு செய்வதாக அவர் விளக்குகிறார் (2 கொரிந்தியர் 8:18-21). இது கொடுத்தவரின் நம்பிக்கையைக் காக்கும் ஏற்பாடு. எருசலேம் சபையிலோ, அன்றாடப் பகிர்வில் தங்கள் விதவைகள் புறக்கணிக்கப்படுகின்றனர் என்று கிரேக்க மொழி பேசியோர் முறையிட்டனர் (அப்போஸ்தலர் 6:1-6). முறையிட்டவர்களை அப்போஸ்தலர் கடிந்துகொள்ளவில்லை. மக்களே எழுவரைத் தெரிந்துகொள்ளும்படி விட்டனர். அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். குறை கண்ட கூட்டத்தாரின் கையிலேயே பகிரும் பொறுப்பு சென்றது என்று கருத இது இடமளிக்கிறது. இது பெறுகிறவரைக் காக்கும் ஏற்பாடு. நம் நிறுவனங்கள் பவுலின் முறையை ஓரளவு கற்றுக்கொண்டன. எழுவரின் முறையை இன்னும் கற்கவில்லை.

இந்திய அரசின் சட்டமும் இதற்கு விலக்கன்று. அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 1976-இல் பிறந்து, 2010-இல் புதுப்பிக்கப்பட்டு, 2020-இல் மேலும் இறுக்கப்பட்டது. இத்திருத்தத்தின்படி நன்கொடை முதலில் புதுதில்லியிலுள்ள ஒரு வங்கிக் கிளைக்கே வர வேண்டும். பிற நிறுவனத்திற்கு அதனை மாற்றித் தரலாகாது. நிருவாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டலாகாது. கண்காணிப்பு முழுவதும் மேல்நோக்கியே செல்கிறது. உதவி பெறும் ஊரில், பெறுகிறவர் மொழியில் கணக்கை வைக்குமாறு அச்சட்டம் கேட்பதில்லை. சட்டம் கேட்காததை நாமே செய்வதற்குத் தடை ஒன்றுமில்லை.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து நமது சபைகளும் நிறுவனங்களும் பின்பற்றத்தக்க நான்கு நெறிகள் புலனாகின்றன. முதலாவது, உதவி வழங்குவோரும் குறை கேட்போரும் ஒருவராக இருத்தலாகாது. மீடின் நேர்மையை ஐயுறாமலே இயக்குநர்கள் எடுத்த முடிவு இதற்குச் சான்று. இரண்டாவது, எவ்வளவு வந்தது, ஒருவருக்கு எவ்வளவு உரியது என்னும் அளவுகோலை முன்கூட்டியே தமிழில் அறிவித்தல் வேண்டும். மூன்றாவது, பெறுகிறவர் சிறிதளவேனும் தம் பங்கைச் செலுத்தவும், அதனால் கேட்கும் உரிமையை அடையவும் வழி செய்தல் வேண்டும். நான்காவது, எவருடைய தனிச்சொத்துமல்லாத நிலம், கட்டடம், நியமனம் ஆகியவற்றிற்கு ஊராரை மட்டும் நம்பாமல், வெளியிலிருந்து வரும் தணிக்கையாளரையும் தவறாமல் அழைத்தல் வேண்டும்.

இவற்றுள் நான்காவதே இன்று நம் திருச்சபைக்கு மிகக் கடினமானது. அயல்நாட்டு மிஷன்கள் அனுப்பிய பணம் பெரும்பாலும் நின்றுவிட்டது. ஆனால் அப்பணத்தால் வாங்கிய நிலமும் எழுப்பிய நிறுவனமும் நிற்கின்றன. முன்னொரு காலத்தில் தம் பங்கைக் கேட்க இடமில்லாதிருந்த மக்களின் பேரப்பிள்ளைகள் இன்று அவற்றின் உரிமையாளர்கள். தங்கள் பாட்டிமார் பிடி அரிசிக்குக் கேட்ட கணக்கை, அவர்கள் இந்தப் பெரும் சொத்திற்கும் கேட்பார்களா என்பதைப் பொறுத்தே, இம்மாவட்டத்தில் மிஷன் விதைத்தது பலனளித்ததா என்று பிற்காலத்தார் தீர்ப்பளிப்பர்.